'டெல்ஸ்டார்': வாடகை வீட்டில் பிறந்த விண்வெளி டியூன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. ஆனால் ஒரு டியூனின் வரலாறு தெரியும். அதையே பாடமாகத் தருகிறேன்.

என் மாமா ரேடியோ மெக்கானிக். அவர் கடையில் ஒருநாள் ஒரு பழைய வாத்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மாமா, ராக்கெட் கிளம்புற மாதிரி ஆரம்பிக்குது?" என்றேன். "டேய், இது சாட்டிலைட்டைப் பார்த்துப் போட்ட டியூன்டா. நீ படிக்கிற பாடம்தான்!" என்றார். பெயர் 'டெல்ஸ்டார்'.

முதலில் அந்தச் சாட்டிலைட். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்த டெல்ஸ்டார்-1, 1962 ஜூலை 10-ல் ஏவப்பட்டது. எடை சுமார் 77 கிலோ. மேலெல்லாம் 3,600 சூரிய மின்கலங்கள். பூமியிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலை வாங்கி, பெருக்கி, 4 கிகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். நாம் பரீட்சையில் எழுதும் அப்லிங்க், டவுன்லிங்க் இதுதான்! அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரடி டி.வி. படம் போனது இதன் மூலம்தான்.

இந்தச் செய்தியில் மயங்கியவர் இங்கிலாந்தின் ஜோ மீக். விமானப் படையில் ரேடார் டெக்னீஷியனாக இருந்தவர். இசைக் குறிப்பு எழுதத் தெரியாது, வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மனதில் வந்த மெட்டை முணுமுணுத்து டேப்பில் பதிவார். தெரிந்தவர்கள் அதை வாசிப்பார்கள். அவருடைய ஸ்டுடியோ எது தெரியுமா? லண்டன் ஹாலோவே சாலையில், ஒரு தோல் பொருள் கடைக்கு மேலே இருந்த வாடகை வீடு!

அங்கேதான் 'டொர்னாடோஸ்' குழு இந்த டியூனை வாசித்தது. அவர்கள் வேறு கச்சேரிக்குக் கிளம்பிவிட, முக்கிய மெட்டை ஜெஃப் கோடார்ட் என்பவர் கிளாவியோலின் வாசித்துச் சேர்த்தார். கிளாவியோலின் என்பது வால்வு ஆஸிலேட்டரால் ஓடும் சிறிய கீபோர்டு. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். நமக்கும் இது புதிதல்ல. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் மகுடி போல ஒலித்ததும் இதே கருவிதான். வாசித்தவர் கல்யாண்ஜி. ஒரே சர்க்யூட், அங்கே பாம்பு, இங்கே ராக்கெட்!

1962 அக்டோபரில் இங்கிலாந்தில் முதலிடம், 5 வாரம். டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு இதுதான். பீட்டில்ஸ் அங்கே முதலிடம் பிடித்தது அதற்குப் பிறகு, 1964-ல்.

ஆனால் முடிவு சோகம். ஏவுவதற்கு முதல் நாள் விண்வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சு, சாட்டிலைட்டின் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்தது. 1963 பிப்ரவரியில் அது அடங்கிப்போனது. மெட்டு என்னுடையது என்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, மீக்கின் ராயல்டி முடக்கப்பட்டது. கடனும் மனநோயும் அவரை வாட்டின. 1967 பிப்ரவரி 3 அன்று வீட்டுக்கார அம்மாளைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தபோது அவர் இல்லை. அந்தக் குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் கைவேலையைத்தான் சொல்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன்? இந்த வருடம் எங்கள் பேட்ச் ப்ராஜெக்டுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்தோம். ஆன் செய்தால் ஒரே 'ஹம்'. "விடுடா, ரெடிமேடாக் காசு கொடுத்து வாங்கிடலாம்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் என் பங்குப் பணத்தை எடுத்துவிட்டேன். அன்று மாலைதான் மாமா கடையில் இந்தக் கதையைக் கேட்டேன். பணத்தைத் திரும்பப் பையில் வைத்தேன். மூன்று இரவு உட்கார்ந்து எர்த் இணைப்பை மாற்றி மாற்றிப் போட்டோம். ஹம் முழுசாகப் போகவில்லை, பாதி குறைந்தது. வைவாவில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எங்களால் பதில் சொல்ல முடிந்தது. ஏனென்றால் ஒவ்வொரு சால்டரும் நாங்கள் வைத்தது.

தம்பிகளே, அடுத்த வருடம் உங்கள் முறை. வசதி இல்லை என்று சொல்லுமுன், அந்த வாடகை வீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!