தலையில் படும் அடியும் முதுமையில் நினைவாற்றலும்

குற்றாலப் பேரருவி மிக உயரமான பாறையிலிருந்து விழுகிறது. ஆயினும் சாரல் பருவத்தில் அதன் அடியில் தலையைக் கொடுத்து நின்று குளிக்க முடிகிறது. எப்படி? விழும் நீர் இடையில் 'பொங்குமாங்கடல்' என்னும் பாறைக் குழிவில் முதலில் விழுகிறது. அங்குத் தேங்கிய நீர் அதன் வேகத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. பொங்கி வழியும் நீரே நம் தலைக்கு வருகிறது.

நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு தடுப்பு நீர் உண்டு. மூளையின் எடை சுமார் 1,400 கிராம். ஆனால் அது மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதப்பதால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அதன் தோற்ற எடை ஏறத்தாழ 50 கிராம்தான். நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் மூளை நலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கபடியில் காலை வாரிப் பிடிக்கும்போது, பாடிச் சென்றவரின் தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதுவதாகக் கொள்வோம். v² = 2gh என்னும் சமன்பாட்டின்படி மோதும் வேகம் விநாடிக்கு சுமார் 5.4 மீட்டர். இறுகிய தரையில் 1 செ.மீ. தொலைவுக்குள் தலை நின்றுவிட்டால், சராசரி எதிர் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 150 மடங்கு! கிளறிவிட்ட மணலில் 5 செ.மீ. அமுங்கி நின்றால் 30 மடங்குதான். விழும் உயரத்தை நிற்கும் தொலைவால் வகுத்தாலே விடை கிடைத்துவிடும். ஆடுகளத்தில் மணலோ மெத்தையோ ஏன் தேவை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நேர் மோதலைவிடத் தலை சட்டென்று திரும்புவது இன்னும் தீயது. வேகாத முட்டை ஒன்றைத் தட்டில் சுழலவிடுங்கள். விரலால் ஒரு கணம் நிறுத்தி உடனே விரலை எடுங்கள். முட்டை மறுபடி மெல்லச் சுழலும். ஓடு நின்றாலும் உள்ளிருப்பது நிலைமத்தால் சுழன்றுகொண்டே இருந்ததுதான் காரணம். மண்டையோடு திரும்பும்போது மூளைக்கும் இதுவே நேர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹோல்பர்ன் என்னும் இயற்பியலாளர் ஜெலட்டினால் மாதிரி மூளை செய்து ஆராய்ந்து, சுழற்சியே மூளையை உள்ளுக்குள் இழுத்துத் திரிக்கிறது என்று 1943-இல் விளக்கினார். அப்போது ஆக்சான் எனப்படும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு, மூளையின் வேலை சிறிது நேரம் தடுமாறுகிறது. இதுவே மூளை அதிர்ச்சி. இதற்கு மண்டை உடைய வேண்டியதில்லை. நினைவு தப்ப வேண்டியதும் இல்லை.

1962 மார்ச்சில் பார்படோசில் நடந்த ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து, இந்தியக் கிரிக்கெட் அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. பின்னர் தமிழ்நாட்டில் அறுவை செய்து அவருக்கு உலோகத் தகடு பொருத்தினார்கள். அவர் மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார். டெஸ்ட் ஆட்டம் மட்டும் ஆடவில்லை. 2022-இல், தமது 88-ஆம் வயதில், அந்தத் தகட்டை அகற்றிக்கொண்டார். அவர் பட்டது எல்லாருக்கும் தெரிந்த ஒரே பெரிய அடி. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படும் சிறிய அடிகளோ யார் கண்ணிலும் படுவதில்லை.

குத்துச்சண்டை வீரர் சிலருக்குப் பிற்காலத்தில் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, அறிவு மங்குவதை 1928-இல் அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் எழுதினார். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபின், அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, 'டௌ' என்னும் புரதம் நரம்பணுக்களில் திரண்டு கிடப்பதைக் கண்டார். இந்நோயை இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதிப்படுத்துகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் 7,676 முன்னாள் கால்பந்து வீரர்களைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மூளை நலிவு நோய்களால் இறந்தோர் பொதுமக்களில் நூற்றுக்கு 0.5, வீரர்களில் 1.7. வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்டால் ஆபத்து சுமார் மூன்றரை மடங்கு. 2021-இல் வந்த தொடர் ஆய்வில், பந்தைத் தலையால் அதிகம் முட்டும் தடுப்பாட்டக்காரர்களுக்கே ஆபத்து மிகுதி என்றும், கோல் காப்பாளர்களுக்கு அது பொதுமக்களின் அளவே என்றும் தெரிந்தது. ஆனால் இதே வீரர்களிடையே இதய நோயால் இறந்தோர் பொதுமக்களைவிடக் குறைவு! ஆகவே விளையாட்டு பகையன்று. தலையில் படும் அடியே பகை.

மாணவர்களே, கோயில் கொடைக் கபடியிலோ பள்ளிப் போட்டியிலோ தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி, மயக்கம், கண் கூச்சம், குழப்பம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளரும் மூளை தேறுவதற்கு நாள் பிடிக்கும். அதற்குள் மறு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அணியில் இடம் போய்விடுமே என்று அடியை மறைப்பவர் உண்டு. பன்னாட்டுக் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சி அடைந்தவருக்குப் பதிலாக முழு மாற்று ஆட்டக்காரரை 2019 முதல் அனுமதிக்கிறார்கள். அந்த ஆண்டே லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடினார். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஓய்வெடுத்து, அதற்கடுத்ததில் இரட்டைச் சதம் அடித்தார். உங்கள் தோழர் அடிபட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நின்றாலும், கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள்.