பலாலியிலிருந்து திருச்சி: புது முனையத்துக்குப் போகுமுன்

2025 மார்ச் 30இல் பலாலி–திருச்சி இன்டிகோ சேவை தொடங்கியதோடு, புங்குடுதீவாருக்குச் சீரங்கம் கிட்ட வந்துவிட்டது. திருச்சியில் 2024 ஜூனில் பாவனைக்கு வந்த புது முனையம் கோபுரச் சாயலும் வண்ண ஓவியங்களுமாய்க் கண்ணை நிறைக்கும். புறப்பாடு மேல்தளம், வருகை கீழ்த்தளம். கூட்டிப்போக வருபவரைக் கீழே நிற்கச் சொல்லுங்கள்.

இணைய விசாவை அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். பவர் பேங்க் கைப்பைக்குள் மட்டும். நல்லெண்ணெய், ஊறுகாய்ப் போத்தல்கள் பெரிய பெட்டிக்குள். கொப்பரா வேண்டவே வேண்டாம். பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம், பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

அம்மம்மா, அப்பப்பா கூட வந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். முனையம் பெரிது, நடை அதிகம், கூச்சப்பட ஒன்றுமில்லை. புங்குடுதீவிலிருந்து வாணர் தாம்போதி, பண்ணை, பிறகு யாழ் நகர நெரிசல்: இவ்வளவும் தாண்டித்தான் பலாலி. வேளைக்கே வெளிக்கிடுங்கள்.