மாத்திரையை நிறுத்திய பின்பு



சபை மக்கள் வாசிக்கும் இந்தப் பக்கத்தில் கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு போதகர் எழுதலாமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாங்களும் யோசித்தோம். ஆனால் பண்டிகைக்கு ஊர் திரும்பிய கணவர்கள் மறுபடி வேலைக்குப் போன சில வாரங்களில், எங்கள் மருத்துவமனைக்கு வரும் சகோதரிகள் சொல்லும் காரியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே எழுதுகிறோம்.

மாசி மாதத்தில் திண்டிவனத்திற்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் வந்தார். இடுப்பில் ஒன்றேகால் வயதுக் குழந்தை. கணவர் சென்னையில் கட்டட வேலை செய்கிறவர். “அவர் இல்லாதபோது மாத்திரை எதற்கு?” என்று மார்கழித் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார். பொங்கலுக்குக் கணவர் வந்த அன்று இரவு இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினார். “நிறுத்தினதும் ஒரு தடவை தீட்டு வந்தது, அப்புறம் வரவேயில்லை சிஸ்டர். தீட்டு வராமல் கரு எப்படித் தங்கும்?” என்று கேட்டார். மாமியார் டீ வாங்க வெளியே போன பிறகுதான் இதைக் கேட்டார் என்பதையும் சொல்லவேண்டும். பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாயிற்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது.

அவர் எங்கே தவறினார்? கிராம சுகாதார செவிலியர் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. அவற்றில் 21 தான் கருத்தடை மருந்து. மீதி 7 இரும்புச்சத்து. மருந்து மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தடுத்து வைக்கிறது. அதை நிறுத்தினால் சில நாட்களில் மருந்து உடலைவிட்டு நீங்கிவிடும். அப்போது வரும் இரத்தப்போக்கு மருந்து நின்றதனால் வருவதே தவிர, இயல்பான மாதவிலக்கு அல்ல. அதற்குப் பின் இரண்டு வாரங்களிலேயே கருமுட்டை வெளிவரலாம். சிலருக்குச் சில வாரங்கள் தாமதிக்கலாம். கருமுட்டை முந்தி வருகிறது, மாதவிலக்கு அதற்குப் பிந்தி ஏறக்குறைய 14 நாட்கள் கழித்து வருகிறது. ஆகையால் முதல் மாதவிலக்கைக் காணாமலே ஒரு பெண் கர்ப்பமாகலாம். இந்தச் சகோதரிக்கு நடந்தது அதுவே. “நேற்றுவரை சாப்பிட்டேனே” என்ற பழைய கணக்கு உடலுக்குத் தெரியாது. அட்டையைப் பாதியில் நிறுத்தினால், நிறுத்துவதற்கு முந்தின நாட்களின் உறவினாலும் கரு தங்கலாம். ஆணின் விந்தணு 5 நாள்வரை உயிரோடிருக்கும்.

மறுபடி தொடங்கும்போதும் அப்படியே. முதலில் கர்ப்பம் இல்லையென்று அறிந்துகொண்டு தொடங்கி, முதல் 7 நாட்கள் ஆணுறையும் உபயோகிக்கவேண்டும். ஒரே இரவில் இரண்டு மாத்திரை காக்காது. கணவர் எப்போதாவது வருகிறவரானால் ஆணுறையோ காப்பர்-டியோ பொருத்தமாயிருக்கும். தவறிவிட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் வந்தால் அவசர மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொரு குழப்பமும் ஊர்ப்பேச்சில் இருக்கிறது. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற ஊசி மூன்று மாதத்திற்கொருமுறை போடப்படுகிறது. அதை நிறுத்தியபின் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதங்கள் ஆவது வழக்கம். ஊசி போட்ட அக்கா பத்து மாதம் உண்டாகவில்லை என்று கேள்விப்பட்ட தங்கை, மாத்திரைக்கும் அதே கணக்கைப் போட்டுக்கொள்கிறாள். இரண்டும் வேறு.

இதற்கு நேர்மாறான பயத்தோடும் வருகிறார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த தம்பதியர் கல்யாணமான முதல் வருஷம் மாத்திரை சாப்பிட்டவர்கள். நிறுத்தி நான்கு மாதமாயிற்று. “மாத்திரை கர்ப்பப்பையைக் காயவைத்துவிட்டது” என்று வீட்டில் பேச்சு. அந்தப் பெண் தலைநிமிரவில்லை. மாத்திரை மலடாக்குவதில்லை. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 80 பேரளவில் ஒரு வருஷத்திற்குள் கருத்தரிக்கிறார்கள்; மாத்திரையே சாப்பிடாதவர்களின் நிலையும் அதுதான். ஒரு வருஷம் கடந்தால் (மனைவிக்கு 35 வயதுக்கு மேலானால் ஆறு மாதத்தில்) கணவன் மனைவி இருவருமே பரிசோதனைக்கு வரவேண்டும். கணவர்கள் இந்த ‘இருவரும்’ என்ற சொல்லைக் கேட்டதும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுகிறார்கள்! பிள்ளை வேண்டுமென்று நிறுத்துகிறவர்கள் அன்றிலிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடுவது குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் பாதுகாப்பு. கர்ப்பம் தெரியாமல் சில மாத்திரைகளை விழுங்கியிருந்தாலும் குழந்தைக்குக் கேடில்லை என்று தைரியமாய்ச் சொல்லலாம். அந்தப் பயத்தினாலேயே மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கித் தின்று, இரத்தப்போக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

திண்டிவனம் என்றதும் உங்களில் பலருக்கு ஐடா ஸ்கடர் அம்மையார் நினைவுக்கு வருவார். 1890-களில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அங்கே அவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவிசெய்யக் கேட்டார்கள். அவருடைய தகப்பனார் மருத்துவர், வர ஆயத்தமாயிருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள்; மூன்று பெண்களும் மரித்தார்கள். அதன் பின்பே அவர் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார். இன்று பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர் வீடு தேடி வருகிறார்கள். ஆனாலும் மாமியார் டீ வாங்கப் போகும்வரை ஒரு கேள்வி காத்திருக்கிறது.

ஆகவே நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பகுதியை, வெளிநோயாளர் பிரிவின் மூலையில் கதவுள்ள சிறு அறை ஒன்று தடுப்பதற்குச் செலவிட்டோம். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சிஸ்டர் ஒருவர். திண்டிவனத்துச் சகோதரி இரும்புச்சத்து மருந்தோடு மாதாமாதம் வந்துபோகிறார். ஹீமோகுளோபின் 10-க்கு ஏறியிருக்கிறது. பிரசவம் புரட்டாசியில். போன மாதம் கணவரும் கூடவே அந்த அறைக்குள் போனார். பிரசவத்தன்றே காப்பர்-டி போட முடியுமா என்று கேட்டவர் அவர்தான். முடியும் என்று சிஸ்டர் சொன்னார்.