பாறசாலைக்கு ஒரு பாட்காஸ்ட்

அன்புள்ள தங்கைக்கு,

டப்ளினில் நர்ஸ் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், அந்நாட்டுப் பாட்டையும் கதையையும் பேட்டிகளாகத் தரும் பாட்காஸ்ட் கேட்பதாக எழுதியிருந்தாய். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறாய். கட்டாயம் வேண்டும். நீயே தொடங்கு.

அயர்லாந்து இந்த வேலையை 1935இலேயே தொடங்கிவிட்டது. நாட்டார் வழக்காறுகளைத் திரட்ட அரசு ஓர் ஆணையம் அமைத்தது. சேகரிப்பாளர்கள் எடிஃபோன் கருவியைச் சுமந்து ஊர் ஊராகப் போய், மெழுகு உருளைகளில் பேச்சைப் பதிந்தார்கள். உருளை விலை அதிகம். எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிட்டு அதிலேயே அடுத்தவர் பேச்சைப் பதிந்தார்கள். எழுத்து தங்கியது, எத்தனையோ குரல்கள் போயின. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஏடுகள் டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன. ஒருநாள் போய்ப் பார்.

உன் கைபேசியில் சீவ மெழுகு இல்லை. ஆனால் நமக்கு நேரம் குறைவு. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை நம்மோடு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது ஆகிறது. களியக்காவிளையில் எல்லை வந்தபின் பள்ளிக்கூடம், கல்யாணம், சந்தை எல்லாம் எப்படி மாறின என்று அவர்களிடம் கேள்.

பிறகு வில்லுப்பாட்டில் வில்லடிக்கும் புலவரிடம் போ. கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையோடு மோதி இறந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையைப் பாடச் சொல். தமிழ் ஆய்வாளர்கள் அதைக் கதைப்பாடல் வரிசையில் வைக்கிறார்கள், மலையாள ஆய்வாளர்கள் தெக்கன் பாட்டுகளில் சேர்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் அதில் உரிமை உண்டு. பாட்டோடு நிறுத்தாதே. யாரிடம் படித்தார், வலத்தே யார் பாடினார், இடத்தே யார், குடம் அடித்தவர் எந்த ஊர், எல்லாம் கேள். பாட்டைப் பதிந்தவர்கள் உண்டு; இவற்றைக் கேட்டவர்கள் குறைவு.

பாலராமபுரத்தையும் விடாதே. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளாக அங்கே குழித்தறியில் சரிகைக் கரை வைத்த கசவுத் துணி நெய்கின்றன. கேரளத்தின் ஓணக்கோடிக்குப் பின்னால் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன என்பது கேட்பவர்களுக்குத் தெரியட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர்கள் பேச்சைத் திருத்தாதே. தமிழில் தொடங்கிய பேச்சு மலையாளத்தில் முடிந்தால் அப்படியே விடு. எல்லைக்கு இரண்டு பக்கமும் அந்தப் பேச்சைக் கொச்சை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கூசவைத்திருக்கிறார்கள். அதே பேச்சு மரியாதையோடு ஒலிப்பதைக் கேட்டால் அந்தக் கூச்சம் போகும்.

வெளியிடச் சுருக்கினாலும் முழுப் பதிவைப் பத்திரப்படுத்து. பேசியவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடு. வில்லுப்பாட்டு ஒலிக்கும் கோயில் கொடை விழாக்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் வரும். லீவை அதற்கேற்ப எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்