626117, 626125: பக்கத்துப் பக்கத்து ஊர், எதிரெதிர் எண்

முக்கியக் குறிப்புகள் (எண்ணியல்)

ராஜபாளையத்தின் அஞ்சல் குறியீடு 626117. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125. பஸ் ஏறினால் அரை மணி நேரம். கணக்கில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

• குறியீட்டு முறை தொடங்கிய நாள் 15.8.1972. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய தென் மண்டலம். கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகத்தைக் குறிக்கும். பொது அறிவுப் பகுதிக்கு இது போதும்.

• 626117 ஒரு பகா எண். 791² = 625681; 792² = 627264. ஆகவே 791 வரையுள்ள 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். தேர்வறையில் அத்தனையும் போடச் சொல்ல மாட்டார்கள். எந்த எண்ணோடு நிறுத்தலாம் என்றுதான் கேட்பார்கள். 7, 67, 89 மூன்றாலும் வகுத்தால் மீதி 2. 241-ஆல் வகுத்தால் மீதி 240: ஒன்று கூடியிருந்தால் மாட்டியிருக்கும்!

• 626125 = 5³ × 5009. இதில் 5009 பகா எண். வகுத்திகளின் எண்ணிக்கை (3+1)(1+1) = 8. அவற்றின் கூடுதல் 156 × 5010 = 781560. அடுக்கோடு 1 கூட்ட மறந்து 3 × 1 = 3 என்று எழுதுவோர் நிறையப் பேர்.

• வித்தியாசம் 8, இரண்டுமே ஒற்றைப்படை. எனவே மீ.பொ.வ. 1, சார்பகா எண்கள். மீ.சி.ம. என்பது பெருக்கற்பலனேதான். நீளப் பெருக்கல் வேண்டாம்: 626121² − 4² = 392027506625.

• இலக்கக் கூடுதல் 23, 22. 9-ஆல் வகுத்தால் மீதி முறையே 5, 4. இரண்டு எண்ணையும் கூட்டினால் 9-ஆல் மீதியின்றி வகுபடும்.

• 626117-ஐ 626125 தடவை பெருக்கினால் ஒன்றாம் இலக்கம்? 7, 9, 3, 1 என்று சுழலும். அடுக்கை 4-ஆல் வகுக்க மீதி 1. விடை 7.

• எனக்குப் பிடித்தது இது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். ராஜபாளையம்: 721² + 326². ஸ்ரீவில்லிபுத்தூர் பகு எண்ணாக இருப்பதால் நான்கு வழி கிடைக்கிறது: 790² + 45², 771² + 178², 659² + 438², 605² + 510². கனங்களில் இரண்டு வழி காட்டிய ராமானுஜனின் 1729-ஐப் படித்தவர்கள் இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

• இடையில் ஒரு பொறி: சிவகாசி, 626123. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கக் கூடுதல் 20. 41 வரை எந்தப் பகா எண்ணும் வகுக்காது. பகா எண் என்று டிக் அடித்துவிடாதீர்கள்: 43 × 14561.