புதியவரைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள்: பொருளும் பெயர்ப்பும்

முன்னுரை

ஓரிடத்திற்கோ குழுவிற்கோ புதிதாக வந்தோரைச் சுட்ட ஆங்கிலத்தில் பல சொற்கள் வழங்குகின்றன. அவை அனைத்தையும் ‘புதியவர்’ எனப் பெயர்த்தால், யார் பார்வையில் புதியவர், எத்துணைக் காலம் புதியவர் என்னும் இரு கூறுகள் மறைந்துவிடுகின்றன. இக்கட்டுரை அவ்விரு கூறுகளை ஆராய்கிறது.

நிறுவனம் வரையறுக்கும் புதுமை

‘புதிய’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்த ‘நாவிஸ்’, துறவு மடத்தில் உறுதிமொழி ஏற்குமுன் பயிற்சியில் இருப்பவரைக் குறிக்கும். ‘ஃபிரெஷ்மன்’ என்பது முதலாண்டு மாணவரைக் குறிக்கும். இவற்றில் புதுமையின் எல்லையை நிறுவனமே வகுக்கிறது.

முன்வந்தோர் வரையறுக்கும் புதுமை

குடியேற்றச் சூழலில் தோன்றிய சொற்கள் வேறுபட்டவை. இந்தியாவிற்கு வந்து ஓராண்டு நிறையாத ஆங்கிலேயர் ‘கிரிஃபின்’ எனப்பட்டார். யூலும், தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றிய பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) இச்சொல்லைப் பதிவு செய்துள்ளது. ஆஸ்திரேலியாவின் ‘நியூ சம்’ முதலில் கைதிகளிடையே புதுக் கைதியைச் சுட்டிப் பின்னர்ப் புதுக் குடியேறியைக் குறித்தது. 1896இல் பொன் கண்டறியப்பட்ட குளோண்டைக்கில் புதிதாக வந்தவர் ‘சீச்சாக்கோ’ எனப்பட்டார். அங்குக் குளிர்காலத்தைக் கழித்துத் தேறியவர், புளித்த மாவைக் குறிக்கும் ‘சவர்டோ’ என்னும் பெயர் பெற்றார்.

‘சீச்சாக்கோ’ வடமேற்கு அமெரிக்கப் பழங்குடியினரின் வணிகக் கலப்புமொழியான சினூக் வழக்கிலிருந்து பெறப்பட்டது. ஆயினும் அதைப் பொன் தேடி வந்தோர் தம்முள் ஒருவரையொருவர் தரம்பிரிக்கவே பயன்படுத்தினர். நேற்று வந்தவர் இன்று வந்தவரை அளக்கும் இவ்வழக்கில் மண்ணின் மக்கள் அளவுகோலாக அமையவில்லை.

தமிழ்ப் பெயர்ப்பு

‘கற்றுக்குட்டி’ திறன் குறைவைச் சுட்டுவதால் ‘நாவிஸ்’ என்பதன் பொது வழக்கிற்கு ஓரளவு பொருந்தும். ‘கிரிஃபின்’ என்பதற்குப் பொருந்தாது. ‘வந்தேறி’யும் பொருந்தாது. அது மண்ணுரிமையை மறுக்கும் சொல். அதற்குக் காலவரம்பு இல்லை. கிரிஃபினோ ஓராண்டில் பழையவராகிவிடுவார். எனவே ‘முதலாண்டு ஆங்கிலேயர்’ என விளக்கமாகப் பெயர்ப்பதே தகும்.

முடிவுரை

தமிழில் புதுமையைக் குறிக்கும் ‘விருந்து’, புதிதாக வந்தவரையும் குறித்தது. அங்குக் கடமை ஏற்பவருடையது. மேற்கண்ட குடியேற்றச் சொற்களில் பழகித் தேறும் சுமை வந்தவருடையது. இவ்வேறுபாட்டைக் கருதாத பெயர்ப்பு, சொல்லைத் தந்தாலும் அதன் உறவுமுறையைத் தாராது.