தொட முடியாத தலைவர்: ஒரு நாவலும் ஓர் ஒளிப் பாடமும்

“டீச்சர், சினிமாவில் வருவதுபோல ஒரு மனிதரின் உருவம் வெறும் காற்றில் நிற்குமா?” வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. விடையை ஒரு தமிழ் நாவலிலிருந்து தேடுவோம்.

மின்னணுப் பொறியியலாளரும் எழுத்தாளருமான சுஜாதா (1935–2008), 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘என் இனிய இயந்திரா’. பின்னர் அது தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதை 2020களில் நடக்கிறது. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். காணாமல் போன கணவனைத் தேடும் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை நிற்கிறது.

நாவலைப் படிக்காதவர்கள் மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. நாடே அஞ்சும் அந்த ஜீவா மனிதரே அல்ல. ஒளியால் ஆன ஓர் உருவம், அதாவது ஹோலோகிராம். அதைப் பின்னாலிருந்து இயக்கியவர்கள் வேறு சிலர்.

இதில் எது அறிவியல், எது கற்பனை?

உண்மையான ஹோலோகிராம்

ஹோலோகிராமின் தத்துவத்தை 1940களின் இறுதியில் கண்டறிந்தவர் டென்னிஸ் கேபர். அதற்காக 1971இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். சாதாரணப் புகைப்படம், பொருளிலிருந்து வரும் ஒளியின் செறிவை மட்டுமே பதிவு செய்யும். ஹோலோகிராமிலோ, பொருளில் பட்டு வரும் லேசர் ஒளியும் நேரடியாக வரும் லேசர் ஒளியும் சந்தித்து, குறுக்கீட்டுக் கோலம் ஒன்றைத் தகட்டில் பதிக்கின்றன. அந்தத் தகட்டின்மீது தகுந்த ஒளியைப் பாய்ச்சினால் உருவம் முப்பரிமாணமாகத் தெரியும். ஆனால், தகட்டின் வழியாகப் பார்த்தால்தான் தெரியும். ஒளி நேர்க்கோட்டில் செல்வது. ஏதாவது ஒரு பொருள் திருப்பி அனுப்பினால் அன்றி, அது வெறும் காற்றில் நின்று நம் கண்ணை நோக்கித் திரும்பாது.

காமிக்ஸில் ஓவியர் சில கோடுகள் வரைந்தால் உருவம் மிதந்துவிடும். திரைப்படத்தில் கணினி வரைகலை அந்த வேலையைச் செய்கிறது. மேடையில்?

மேடை வித்தை

2012ஆம் ஆண்டு குஜராத் சட்டமன்றத் தேர்தலில், நரேந்திர மோடியின் உருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசியது. அதை ‘ஹோலோகிராம்’ என்றே செய்திகள் குறிப்பிட்டன. உண்மையில், அது 1860களில் லண்டன் மேடையில் புகழ்பெற்ற ‘பெப்பரின் ஆவி’ என்ற உத்தியின் புதிய வடிவம். சாய்த்து வைத்த கண்ணாடியோ மெல்லிய ஒளிபுகும் தகடோதான் அதன் ரகசியம்.

செய்து பார்ப்போம்

1. கறுப்புப் பின்னணியில் ஒருவர் நிற்கும் காணொளியைக் கைப்பேசியில் ஓடவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டுங்கள்.
2. கைப்பேசியை மேசையில் படுக்க வையுங்கள். காணொளியில் இருப்பவரின் தலை உங்கள் பக்கம் இருக்கட்டும்.
3. ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றின் கீழ் விளிம்பைக் கைப்பேசியின் மறுமுனையில் ஊன்றி, மேல் விளிம்பை உங்கள் பக்கமாக 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள்.
4. விளக்கை அணைத்துவிட்டு, மேசை மட்டத்திலிருந்து தகட்டைப் பாருங்கள்.

தகட்டுக்குப் பின்னால் ஒருவர் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும். மேல்நோக்கி வந்த ஒளி, படுகோணமும் பிரதிபலிப்புக் கோணமும் சமமாக இருப்பதால், உங்கள் கண்ணை நோக்கித் திரும்புகிறது. அவர் நிற்பதாகத் தோன்றும் இடத்தில் கையை வையுங்கள். கை எதையும் தொடாது. அது ஒரு மாய பிம்பம்.

கதை எங்கே பலிக்கிறது?

சுஜாதாவின் கற்பனையில் ஹோலோகிராம் ஒரு பொய். நடைமுறையிலோ அது மெய்க்குச் சாட்சி. நகலெடுப்பது கடினம் என்பதால், வங்கி அட்டைகளிலும் நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளின் பெட்டிகளிலும் ஹோலோகிராம் முத்திரை இருக்கிறது. வீட்டில் உள்ள மருந்துப் பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறும்.

அப்படியானால் கதை தோற்றுவிட்டதா? இல்லை. இருண்ட எதிர்காலக் கதைகள் கருவிகளை முன்கூட்டியே சொல்வதற்காக மட்டும் எழுதப்படுவதில்லை, “இப்படி நடந்தால் நாம் என்ன செய்வோம்?” என்று நம்மைக் கேட்கின்றன. ஜீவாவின் பலம் லேசர் அல்ல, யாரும் அவரைச் சோதித்துப் பார்க்காததுதான். இன்று பிரபலங்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் போலி செய்து, முதலீடு செய்யச் சொல்லும் காணொளிகள் நம் கைப்பேசிக்கே வருகின்றன. அவற்றை நம்பிப் பணம் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்த முறை ஓர் உருவம் உங்களிடம் எதையாவது செய்யச் சொன்னால், முதலில் கேளுங்கள்: இந்த ஒளி எங்கிருந்து வருகிறது? பின்னால் இருப்பவர் யார்?

சிந்தித்து விடை எழுதுக

1. சோதனையில் பின்னணி கறுப்பாக இருப்பது ஏன்?
2. தகட்டை 45 பாகைக்குப் பதிலாக 60 பாகையில் பிடித்தால் உருவம் எப்படித் தெரியும்?
3. ஜீவா உண்மையான மனிதர் அல்ல என்பதை நிரூபிக்க, நிலாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சோதனை செய்வீர்கள்?